பாதிப் புத்தகத்தோடு வாருங்கள்

நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். திருச்சி உறையூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. ஒரு கட்டிங் மெஷின், நூல், ஊசி, ஒரு டப்பா மைதா பசை, அதில் பூச்சி அண்டாமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். அவ்வளவுதான் முதலீடு. பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டும் வக்கீல்களின் கேஸ் கட்டும்தான் சோறு போடுகின்றன. ஆனாலும் வருடத்துக்கு நாலைந்து பேராவது வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைக் கட்டோடு வருவார்கள். எங்கள் மர்மக் கதைக் கூட்டம் அப்படி வந்த ஒரு கட்டில்தான் ஆரம்பித்தது.

எட்டு வருடம் இருக்கும். ஒரு அக்கா, காலமான தன் அம்மா சேர்த்து வைத்திருந்த மர்மத் தொடர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வாரத்துப் பக்கத்திலும் துருப்பிடித்த குண்டூசி. குண்டூசியைப் பிடுங்கி, பக்கத்தை நீவி, அத்தியாய எண் பார்த்து அடுக்க வேண்டும். அடுக்கும்போது படிக்காமல் இருக்க முடியுமா? இரண்டு நாளில் முப்பத்தொன்றாவது அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் எதுவும் இல்லை. அக்காவுக்கு போன் போட்டேன். "கடைசி ரெண்டு வாரம் எங்கேக்கா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பத்தான் அம்மா என் பிரசவத்துக்கு வந்திருந்தாங்க தம்பி. பத்திரிகை வாங்கியிருக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் டீக்கடை அண்ணனிடம் புலம்பினேன். போஸ்ட் ஆபீஸில் ரிட்டையர் ஆன சார் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு அத்தியாயத்தையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ஒருவரைக் கொலைகாரன் என்றார், அண்ணன் இன்னொருவரை என்றார், எனக்கு வேறொரு ஆள் மேல் சந்தேகம். மருந்து வாங்க வந்த நர்ஸ் அக்கா நின்று கேட்டுவிட்டு நாலாவதாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் சண்டை. பிறகு அதே கதை பழைய புத்தகக் கடையில் முழு நாவலாகக் கிடைத்தது. கடைசி இரண்டு அத்தியாயத்தில், அதுவரை வராத ஒரு தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். எங்கள் நாலு கொலைகாரர்களும் அந்தத் தம்பியைவிட எவ்வளவோ தேவலை.

அப்போது பிடிபட்ட விஷயத்தை வைத்துத்தான் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழு பேர் கூடுகிறோம். படித்து முடித்த மர்மக் கதையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. படித்துக்கொண்டிருக்கிற மர்மக் கதையைப் பற்றி விடிய விடியப் பேசலாம். நீங்களும் இப்படி நாலு பேரைச் சேர்த்துக்கொள்ள நினைத்தால், நாங்கள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் சட்டம், பாதிப் புத்தகத்தோடு வர வேண்டும். கால் பங்காவது தாண்டியிருக்க வேண்டும், முக்கால் பங்கைத் தாண்டியிருக்கக் கூடாது. முடித்துவிட்டு வருகிறவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வேறு யாராவது அதைப் படித்துக்கொண்டிருந்தால், இவர் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை "படிங்க". அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதும் தடை. எங்கள் போஸ்ட் ஆபீஸ் சார் ஒருமுறை புருவத்தைத் தூக்கியதிலேயே ஒரு முழு நாவல் போயிற்று.

இந்தச் சட்டத்தின் நல்ல விஷயம் என்னவென்றால், பாதியில் இருக்கிறவருக்கு முடிவு தெரியாது. தெரியாததை உளற முடியாதே. அவரிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், கதைக்குச் சேதம் இல்லை. 1990களில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' ஓடியபோது தெருவே இதைத்தான் செய்தது. குதிரையில் வருவது யார் என்று பால் வாங்கும் இடத்தில், பஸ் ஸ்டாப்பில், கோயில் வரிசையில் பேசினார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்தோம், யாருக்கும் அடுத்த வாரம் தெரியாது.

அடுத்து, எப்படிச் சொல்வது. பெரும்பாலும் எல்லோரும் கதைச் சுருக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள். "ஒரு ஊருல ஒரு ஜமீன்தார், அவருக்கு ரெண்டு சம்சாரம், மூத்தவங்களுக்கு ஒரு பையன், அவன் வந்து..." என்று போனால் ஐந்தாவது நிமிடம் டீக்கடை அண்ணன் கல்லாவைப் பார்க்கப் போய்விடுவார். உறவுமுறையைக் கேட்டு யாருக்கும் திகில் வந்ததில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறாள், நாங்கள் பாப்பா என்போம். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நூத்தி நாப்பத்திரெண்டாவது பக்கத்துல இருக்கேன். கொலை யார் பண்ணுனதுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும், போலீசுக்குத்தான் தெரியாது. பக்கத்து வீட்டு மேத்ஸ் வாத்தியார் அதை மறைக்க என்னமோ செஞ்சிருக்காரு. என்ன செஞ்சாருன்னு பிடிபடலை. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுப்போச்சு, அதுதான் பயமா இருக்கு." முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதத்துக்குள் மூன்று பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

கவனித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டாள். என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துவிட்டாள். இது 'யார்' கதை இல்லை, 'எப்படி' கதை என்பது நமக்கே விளங்கிவிட்டது. கடைசியில் தன் மனதில் உறுத்துகிற ஒன்றை வைத்தாள். இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் அதிகம். பேச வராதவர்களுக்கு நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "நேத்து ராத்திரி எந்த இடத்துல மூடி வெச்சீங்க, ஏன் மூடுனீங்க?" தூக்கம் வந்து மூடியது என்றால் ஒரு தகவல், பயந்து மூடியது என்றால் இன்னொரு தகவல். கூச்ச சுபாவம் உள்ளவர்கூட இதற்குப் பதில் சொல்லிவிடுவார்.

"கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்ற வாக்கியத்துக்கு எங்கள் கடையில் அபராதம் உண்டு, எல்லோருக்கும் டீ. நான் எதையும் சொல்லலையே என்பார்கள். சொல்லிவிட்டீர்கள். அதைக் கேட்டவர் இனிமேல் கதையைப் படிக்க மாட்டார், ஒவ்வொரு ஆளையும் தட்டித் தட்டிப் பார்ப்பார், தர்பூசணி வாங்குகிற மாதிரி. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926இல் வந்தபோது அதன் முடிவு நியாயமா, ஏமாற்றா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. இதை உங்களிடம் சொன்னதற்கே நான் ஒரு ரவுண்டு டீ வாங்க வேண்டும். அவருடைய 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952இலிருந்து லண்டனில் நடக்கிறது. கொரோனா சமயத்தில் நின்றது, மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், கொலையாளி யார் என்பதை வெளியில் சொல்லாதீர்கள் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வார்கள். எழுபது வருடத்துக்கு மேல் சனங்கள் பெரும்பாலும் அந்த வேண்டுகோளை மதித்திருக்கிறார்கள். நம்மால் ஒரு மாதம் வாயைக் கட்ட முடியாதா?

துப்பறியும் கதை என்றால் துண்டுச் சீட்டில் சந்தேகம் எழுதிப் போடுகிற விளையாட்டு வையுங்கள். பசை டப்பா காலியானதைக் கழுவி வைத்திருக்கிறோம். படித்துக்கொண்டிருப்பவர் ஒரு துண்டுத் தாளில் புத்தகத்தின் பெயர், பக்க எண், தன் சந்தேகம், அதற்கு ஒரு காரணம், தேதி இவ்வளவையும் எழுதி மடித்து உள்ளே போட வேண்டும். முடித்த பிறகு அவரே பிரித்துப் படிப்பார். காரணம் எழுதுவது முக்கியம். இல்லையென்றால் எல்லோரும் வேலைக்காரன் என்று எழுதிப் போட்டுவிடுகிறார்கள். எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதிய இரண்டு அமெரிக்கர்கள் 1929இலிருந்து தங்கள் ஆரம்ப நாவல்களில் முடிவுக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்தி, எல்லாத் தடயமும் இப்போது உன்னிடம் இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம் என்று வாசகனுக்குச் சவால் விடுவார்கள். நம் ஊரில் சுபா என்ற பெயரில் மர்மக் கதை எழுதுகிறவர்களும் இரண்டு பேர்தான், அது தற்செயல். அந்தச் சவால் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு எங்கள் டப்பாதான் சவால் பக்கம்.

இந்த டப்பாவால் ஒரு நல்ல சண்டையும் கிடைக்கிறது. சீட்டு தப்பாகிவிட்டால், தப்பு வாசகருடையதா, எழுத்தாளருடையதா? அதே 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிவாளர் கண்டுபிடிக்கும் தடயத்தை உடனே வாசகனுக்கும் காட்ட வேண்டும் என்பவை அதில் உண்டு. வெளிநாட்டுத் தம்பி முதல் கட்டளையிலேயே அவுட். எல்லா நல்ல கதையும் இந்தப் பத்துக்குள் அடங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டை போடும்போது கையில் ஒரு தராசு இருப்பது வசதி.

பாக்கெட் நாவல்களுக்கு இந்த டப்பா சரிப்படாது. பஸ் ஏறும்போது பிரித்தால் இறங்குவதற்குள் முடிந்துவிடும், பாதியில் நிறுத்து என்றால் யார் கேட்பார்கள்? அவற்றுக்கு நாங்கள் வேறு வழி வைத்திருக்கிறோம். கதையைப் பேசாமல் துப்பறிகிறவரைப் பேசுவது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் இவர்களில் யாரிடம் உங்கள் வீட்டுத் திருட்டுக் கேஸைக் கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போஸ்ட் ஆபீஸ் சார் தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தவிர யாரையும் வீட்டுக்குள் விட மாட்டார். நர்ஸ் அக்கா வசந்த்தை வாசலோடு அனுப்பிவிடுவேன் என்கிறார்.

திகில் கதை வேறு ஜாதி. அங்கே யார் என்று கேட்டுப் பயனில்லை, சீட்டு எழுதவும் ஒன்றுமில்லை. அதைச் சொல்லிப் பகிரவும் முடியாது. "ராத்திரி ஒரு சத்தம் கேட்டுச்சாம்" என்று டியூப் லைட் வெளிச்சத்தில் சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் எம்.ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் சமயத்தில் தான் எழுதிய பேய்க் கதைகளை நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிட்டு உட்காருவாராம். நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, கடை முழுக்கக் காகிதம். டியூப் லைட்டை அணைத்தால் பாதி ஷட்டர் வழியாகத் தெருவிளக்கு காலளவுக்கு வரும், அது போதும்.

படிக்கும்போது குரலை மாற்றாதீர்கள். பேய் மாதிரி இழுத்துப் பேசுவது, மேஜையைத் தட்டுவது எல்லாம் வேண்டாம். ரேஷன் கார்டு பெயர் வாசிக்கிற மாதிரி வாசித்தால்தான் முதுகு சில்லிடும். பேய் வருகிற பத்தியையும் எடுக்காதீர்கள், அதற்கு முந்தைய பத்தியை எடுங்கள். ஏதோ சரியில்லை என்று தெரிகிற இடம். அங்கே நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட வேண்டும்.

இதில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் இரவில் தூக்கம் வராமல் கிடப்பவருக்குப் பிணம் எரிகிற வாடை வரும் இடத்தை ஒருநாள் படித்தேன். அது 1940களில் எழுதிய கதை, இன்றைக்கும் மூக்கைப் பிடிக்கும். அன்று முதல்முறையாக வந்திருந்த ஒருவர் பாதியில் எழுந்து ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார். பயந்துவிட்டார் என்று நாங்கள் பெருமையாகச் சிரித்தோம். அவருடைய அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று டீக்கடை அண்ணன் பிற்பாடுதான் சொன்னார். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் படிப்பதற்கு முன் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம்: இதில் சாவு இருக்கிறது, இதில் குழந்தைக்குக் கஷ்டம் வரும், இதில் தூக்கு வரும். வேண்டாதவர் டீ சொல்லப் போகிற மாதிரி எழுந்து போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இதனால் திகில் ஒன்றும் குறையவில்லை.

எங்கே, எப்போது படிக்கிறோம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள், திகில் கதைக்கு அது பாதி. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' 1977இல் வந்தது, பனியில் அடைபட்ட மலை ஹோட்டலில் ஒரு குடும்பம். நர்ஸ் அக்கா அதை அக்னி நட்சத்திரத்தில், நைட் டூட்டியில் படித்தார். வெளியே வெந்துபோகிற திருச்சி, உள்ளே பனிப்புயல். அந்த ஹோட்டலில் 217ஆம் எண் அறை என்று ஒன்று வரும். "எங்க ஆஸ்பத்திரியில 210க்கு மேல ரூமே கிடையாது, அது ஒண்ணுதான் நிம்மதி" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மர்மமா திகிலா என்று பிரிக்க முடியாத புத்தகங்கள் வரும்போது என்ன செய்வது? 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் காலம்' அப்படி. கணேஷும் வசந்தும் பேய்க்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் நின்று வாதாடுவார்கள். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு இரண்டையும் செய்கிறோம், சீட்டும் உண்டு, ஒரு பத்தியும் உண்டு. இதற்கு மேல் விளக்கினால் என் கடையிலிருந்து என்னையே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

போன வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே புத்தகம் படித்தோம். இதை நீங்களும் கட்டாயம் செய்து பாருங்கள். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1897இல் வந்தது. முழுக்க டைரிக் குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு. ஜோனதன் ஹார்க்கரின் டைரி மே 3ஆம் தேதி தொடங்குகிறது, கதை நவம்பர் 6 வரை போகும். ஆகவே நாங்களும் மே 3ஆம் தேதி ஆரம்பித்து, எந்தத் தேதிக்கு என்ன குறிப்பு இருக்கிறதோ அதை அந்தத் தேதியில் மட்டும் படித்தோம். குறிப்பில்லாத நாளில் புத்தகத்தைத் தொடக் கூடாது. ஹார்க்கர் எழுதாமல் விட்ட நாட்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிலவிய பதற்றம் இருக்கிறதே! "ஆளு உயிரோட இருக்கானா?" என்று டீக்கடை அண்ணன் காலையில் கடை திறக்கும்போதே கேட்பார்.

ஒரு எச்சரிக்கை. புத்தகம் தேதி வரிசையில் அச்சாகவில்லை. முதல் நாலு அத்தியாயத்தில் ஹார்க்கரின் டைரி ஜூன் 30 வரை போய்விடும், ஐந்தாவது அத்தியாயம் மறுபடி மே 9ஆம் தேதிக் கடிதத்தில் தொடங்கும். யாராவது ஒருவர் முன்கூட்டியே பக்கங்களைப் புரட்டித் தேதிப் பட்டியல் போட வேண்டும். போஸ்ட் ஆபீஸ் சார் ஒரு பழைய லெட்ஜரின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினார். முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்த கை. செப்டம்பர் 17ஆம் தேதி வந்தபோது மனுஷன் கொதித்துப் போனார். கதையில் வருகிற டாக்டர் வான் ஹெல்சிங் ஓர் அவசரத் தந்தி அனுப்புகிறார். முகவரியில் மாவட்டத்தின் பெயர் இல்லாததால் அது வேறு மாவட்டத்துக்குப் போய், இருபத்திரண்டு மணி நேரம் தாமதமாகக் கிடைக்கிறது. "டிஸ்ட்ரிக்ட் எழுதுங்க, டிஸ்ட்ரிக்ட் எழுதுங்கன்னு கவுன்டர்ல தலைபாடா அடிச்சுக்குவேன். இப்ப பாருங்க!" என்றார். டிராகுலாவைவிட அந்தத் தந்தியில்தான் அவர் அதிகமாகப் பயந்தார்.

யாராவது முடிவை ஏற்கெனவே உடைத்துவிட்டால்? புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வாடகை நூலகங்கள் நிறைய இருந்த காலத்தில், மர்ம நாவலின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு அடிக்கோடு போட்டு 'இவன்தான்' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைக்கும் புண்ணியவான்கள் இருந்தார்கள். நான் ஒன்றைக் கடுப்போடு படித்து முடித்தேன். எழுதி வைத்தவன் பொய் சொல்லியிருந்தான்! கொலைகாரன் வேறொருவர். எழுத்தாளரைவிட நன்றாக என்னை ஏமாற்றியவன் அந்தப் பேனாக்காரன்தான். நிஜமாகவே முடிவு தெரிந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. எழுத்தாளர் அதை எங்கெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறார் என்று தேடிக்கொண்டே படியுங்கள். கூட்டத்தில் மட்டும் "எனக்கு முடிவு தெரியும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு நோட்டில் தேதியும் புத்தகமும் பக்கமும் குறித்துவைக்க ஒருவர். புத்தகம் இரவல் கொடுத்தால் அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சிநேகிதம் பிழைக்கும்.

இந்த மாதம் என் கையில் இருப்பது வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்'. 1868இல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஓர் ஆங்கிலேயன் அபகரித்த வைரம் இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் போய், ஒரே ராத்திரியில் காணாமல் போகிறது. அந்த வீட்டின் வயதான காரியஸ்தர் பெட்டெரெட்ஜ்தான் முதலில் கதை சொல்கிறார், எந்தக் கஷ்டம் வந்தாலும் 'ராபின்சன் க்ரூசோ'வைத் திறந்து குறி பார்க்கிற ஆள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது பக்கம் நகர்கிறது. சீட்டு எழுதி டப்பாவில் போட்டாயிற்று. புத்தகம் என்னுடையது அல்ல, முதுகு கிழிந்து தைக்க வந்தது. தைத்து, அட்டை போட்டு, காலிகோ துணி ஒட்டி ஒன்பது நாளாகிறது. சொந்தக்காரர் நேற்றும் போன் செய்தார். இருநூறு பக்கம் பாக்கி. பசை இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.